தொடலாமா என்று கேட்டல்

காய்ச்சலுற்ற குழந்தையின் நெற்றியில் தாய் கை வைத்துப் பார்க்கிறாள். வைத்தியர் நாடி பிடிக்கிறார். துயருற்ற நண்பரின் தோளில் நாம் கை வைக்கிறோம். சொல்லால் ஆகாத ஆறுதல் தொடுகையால் ஆவதை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும், அதே தொடுகை சிலருக்கு ஆறுதலாக இராமல் அச்சமாக முடிகிறது. அவர்கள் யாவர், அவர்களுக்கு யோகப் பயிற்சி எவ்வாறு உதவக்கூடும், அப்பயிற்சியில் தொடுகைக்கு எவ்வளவு இடம் உண்டு என்பவற்றை இன்று நாம் ஆராய்வோம்.

செகந்திராபாத்தில் மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் முதலிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. எங்கள் தெருவில் உள்ள அத்தகைய குடும்பம் ஒன்றுக்கு, மணவாழ்வில் அடியும் உதையும் பட்டுத் தமையன் வீட்டை அடைக்கலமாக நாடி ஒரு பெண்மணி வந்து சேர்ந்தார். அவருக்கு இரவில் உறக்கமில்லை. கதவு படீரென்று சாத்தப்பட்டால் உடல் நடுங்கும். யோகாசனம் பயின்றால் அமைதி கிட்டும் என்று கூறி, அருகிலிருந்த வகுப்பு ஒன்றில் அவரைச் சேர்ப்பித்தவன் நானே. இரண்டாம் நாள், முதுகை நிமிர்த்தும் பொருட்டு ஆசிரியர் பின்புறமாக வந்து அவர் தோளைப் பற்றி அழுத்தினார். பெண்மணி அசைவற்றுப் போனார். வீடு திரும்பியபின் மூன்று நாள் எவருடனும் பேசவில்லை.

"ஆசிரியர் உன் நன்மைக்காகத்தானே அம்மா தொட்டார்?" என்று நான் கேட்டேன்.

"அவர் நல்லவர்தாம், அண்ணா. ஆனால் அது என் உடம்புக்குத் தெரியவில்லையே! வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அந்த வேளையில் தமிழும் வரவில்லை, தெலுங்கும் வரவில்லை" என்றார்.

என் கேள்வியின் பேதைமை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

மைய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருப்பவன் நான். சொற்களை எடைபோடுவது என் அன்றாட வேலை. கொடுந்துயரின் வடு மனத்தில் தங்குவதை ஆங்கிலத்தில் 'ட்ரௌமா' என்கின்றனர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் காயம் என்று பொருள். நம் தமிழிலோ காயம் என்ற சொல் புண்ணையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். அந்தப் பெண்மணி எனக்குச் சொல்லியதும் அதுவே. மனத்தில் பட்ட அடியை அவருடைய உடல் சுமந்துகொண்டிருந்தது.

இதன் காரணம் யாது? ஆபத்து நேரும்போது உடல் நம் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது, தசைகள் இறுகுகின்றன. எதிர்த்து நிற்கவோ ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. இரண்டும் இயலாதபோது அது உறைந்து நிற்கிறது. அப்போது நா எழாது; கை அசையாது. 'ஏன் கூச்சலிடவில்லை?' என்று பாதிக்கப்பட்டோரைக் கேட்பது எத்துணை அநீதி என்பதை இதனால் உணரலாம். ஆபத்து நீங்கிய பின்னரும் சிலருடைய உடல் அந்நிலையிலிருந்து முற்றிலும் மீள்வதில்லை. ஓர் ஓசை, ஒரு வாசனை, எதிர்பாராத ஒரு தொடுகை பழைய ஆபத்தை மீண்டும் எழுப்பிவிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-ஆம் ஆண்டில் இதனை ஒரு தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது.

யோகம் இங்கே எவ்வாறு பயன்படும்? யோகம் என்றவுடன் உடலை வில்லாக வளைக்கும் ஆசனங்களே பலர் நினைவுக்கு வரும். நாம் இங்குக் கருதுவது அதுவன்று. மைசூரில் கற்பித்துப் பின்னர்ச் சென்னையில் நெடுங்காலம் வாழ்ந்து 1989-இல் மறைந்த யோகாசிரியர் திருமலை கிருஷ்ணமாச்சாரியாரின் மாணவர்களுள் இருவரை இங்குக் குறிப்பிட வேண்டும். ஒருவர் பி. கே. எஸ். ஐயங்கார். போர்வை, திண்டு, நாற்காலி, கயிறு ஆகியவற்றைத் துணைக்கொண்டு, நோயுற்றோரும் முதியோரும் ஆசனம் பயில அவர் வழி கண்டார். மற்றவர் கிருஷ்ணமாச்சாரியாரின் மைந்தர் தேசிகாச்சார். யோகத்திற்கேற்ப மனிதனை வளைப்பதைவிட, மனிதனுக்கேற்ப யோகத்தை அமைப்பதே முறை என்பது அவர் கொள்கை. ஐயங்காரின் மாணவியான அமெரிக்கப் பெண்மணி ஜூடித் லாசேட்டர், திண்டுகளின் மீது உடலைத் தாங்கவிட்டு ஓய்வு கொள்ளும் முறையை விரிவாக்கிப் பரப்பினார். உடல் தானே முயலாமல், தாங்கப்பெற்று இளைப்பாறுவதே இம்முறையின் உயிர்நிலை.

பாஸ்டன் நகரில் மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க், யோகாசிரியர் டேவிட் எமர்சன் முதலியோர், துயர்வடு உற்றோருக்கெனத் தனியே ஒரு பயிற்சியை வகுத்தனர். பிற சிகிச்சைகளால் போதிய பயன் பெறாத பெண்கள் 64 பேரைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வாரம் ஒரு மணி நேரமாகப் பத்து வாரம் யோகம் பயின்றனர். மற்றையோர் உடல்நலக் கல்வி பெற்றனர். முடிவில் யோகம் பயின்ற 31 பேரில் 16 பேர் அந்நோயின் வரையறையிலிருந்து நீங்கியிருந்தனர். மற்றப் பிரிவில் 29 பேரில் 6 பேரே நீங்கியிருந்தனர்.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் பாதிப்புற்று நாகப்பட்டினத்து முகாம்களில் தங்கியிருந்தோர் 183 பேரிடம் மூச்சுப் பயிற்சியின் பயன் ஆராயப்பட்டது. பயிற்சி பெற்றோரின் அச்சமும் சோர்வும், பயிற்சிக்காகக் காத்திருந்தோரைக் காட்டிலும் பெரிதும் குறைந்ததாக 2010-இல் வெளிவந்த அறிக்கை கூறிற்று. அந்தமான் தீவுகளிலும் இத்தகைய முயற்சி நடந்தது.

இனி, அத்தகைய வகுப்பு எவ்வாறு நடைபெறும் என்று காண்போம். ஆசிரியர் தம் இடத்தைவிட்டு மாணவர்களின் பின்னே உலவுவதில்லை. 'கையை உயர்த்து' என்று ஆணையிடுவதில்லை. 'விரும்பினால் கையை உயர்த்தலாம். வேண்டாவிடில் அப்படியே இருக்கலாம்' என்கிறார். கண்ணை மூடுவது சிலருக்கு அச்சம் தரும்; அவர்கள் திறந்தே வைத்திருக்கலாம். மல்லாந்து படுக்க அஞ்சுவோர் ஒருக்களித்துப் படுக்கலாம். சுவரில் முதுகைச் சாய்த்து, வாயிற்படி கண்ணுக்குத் தெரியும்படி அமர்ந்தும் இருக்கலாம். மூச்சை வலிந்து அடக்குவதும் விரைந்து விடுவதும் இவர்களுக்கு ஏற்றவை அல்ல. வெளிமூச்சைச் சற்றே நீட்டினால் போதும்; இதயத் துடிப்பு தணியும்.

தொடுகையைப் பற்றியோ விதி இன்னும் கண்டிப்பானது. எமர்சன் வகுத்த பயிற்சியில் ஆசிரியர் மாணவரைத் தொட்டுத் திருத்துவதே இல்லை. மென்மையான தொடுகையைக் கையாளும் ஆசிரியர்களும் முன்னதாகக் கேட்டே தொடுவர். எங்கே, எதற்காக, எவ்வளவு நேரம் என்று முன்னரே சொல்லுவர். நேற்று அளித்த சம்மதம் இன்றைக்குச் செல்லாது. தோளுக்குத் தந்த சம்மதம் முதுகுக்கு ஆகாது. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல் அறவே கூடாது. உறைந்த உடலின் மௌனம் எத்தகையது என்று முன்னமே கண்டோம் அன்றோ? வாய்திறந்து மறுக்கக் கூசுவோருக்காக, விரிப்பின் ஓரத்தில் ஓர் அட்டையைத் திருப்பி வைத்துத் தம் விருப்பத்தைத் தெரிவிக்கும் வழியும் சில இடங்களில் உண்டு.

இஃது ஏதோ நாகரிக உபசாரம் என்று எண்ணற்க. கொடுமைக்கு ஆளானவரிடமிருந்து பறிக்கப்பட்டது தம் உடல்மீது தமக்குள்ள உரிமையே. ஒருவர் 'வேண்டாம்' என்று சொல்ல, எதிரிலிருப்பவர் முகம் கோணாமல் கையை விலக்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அவ்வுரிமை அவருக்குச் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. அவ்வாறு கேட்பதே மருந்தின் ஒரு பகுதியாகும்.

நம் சட்டமும் இதனை ஏற்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கான சம்மதம் வற்புறுத்தலோ அச்சுறுத்தலோ இன்றிப் பெறப்பட வேண்டும் என்கிறது. அதற்கு முன் நன்மை தீமைகளை எல்லாம் உரியவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்றும் வரையறுக்கிறது. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இப்பகுதி மிக முக்கியமானது. புரியாத மொழியில் நீட்டப்பட்ட தாளில் இட்ட கையொப்பம் சம்மதம் ஆகாது. மருத்துவமனையில் தமிழறிந்த ஒருவரை வேண்டிப் பெற நாம் தயங்க வேண்டுவதில்லை.

யோகம் மருத்துவத்திற்கு மாற்று அன்று, துணை மட்டுமே. உறக்கம் கெட்டு, அச்சம் நீங்காது துன்புறுவோர் மனநல மருத்துவரை நாடுதல் வேண்டும். 2022-இல் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிப் பணியை 14416 என்ற எண்ணில் எம்மாநிலத்திலிருந்தும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு 181 என்ற எண் உண்டு. ஹைதராபாத்தில் காவல்துறை 2016-இல் தொடங்கிய 'பரோசா' மையத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமும் ஆலோசனையும் சட்ட உதவியும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன.

எங்கள் தெருப் பெண்மணி மருத்துவரிடம் சிகிச்சை பெற்றார். பின்னர் வேறோர் ஆசிரியையிடமும் சேர்ந்தார். வயது முதிர்ந்த அந்த அம்மையார் முதல் நாளே, "தொடலாமா?" என்று தெலுங்கில் கேட்டார். இவர், "வத்து" என்றார். வேண்டாம் என்பதற்குத் தெலுங்கில் அதுவே சொல். அம்மையார் புன்னகையுடன் தலையசைத்துத் தம் இடத்திற்குச் சென்றார். வாரந்தோறும் அதே கேள்வி. வாரந்தோறும் அதே விடை. ஏறத்தாழ மூன்று மாதம் சென்றபின் ஒருநாள், படுத்திருந்த இவரே, "காலின்மேல் போர்வையைப் போர்த்தி, சற்று அழுத்திவிடுவீர்களா?" என்று கேட்டாராம். அன்றிரவு விடியுமட்டும் உறங்கியதாக என் மனைவியிடம் சொன்னார்.

நேயர்களே, புதிய ஊருக்குச் செல்லும் நாம் அவ்வூர் மொழியில் முதற்கண் அரிசிக்கும் தண்ணீருக்கும் உரிய சொற்களைக் கற்கிறோம். 'வேண்டாம்' என்பதற்குரிய சொல்லையும் அவற்றோடு கற்போமாக. நம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கற்பிப்போமாக. பிறர் அச்சொல்லை நம்மிடம் கூறும்போது, எம்மொழியில் கூறினும், முகம் கோணாமல் ஏற்கப் பழகுவோமாக.