கண்ணுக்கும் ஓர் உரிமை உண்டு

2024 நவம்பர் 25ஆம் திகதி ஆரம்பமான க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுதியவர்களில் நானும் ஒருத்தி. திருகோணமலையில் அது மாரி காலம். இரண்டு நாள் பரீட்சை நடந்தது. வங்கக் கடலில் உருவான தாழமுக்கம் கொண்டுவந்த மழை வெள்ளத்தால் 27ஆம் திகதி முதல் அது இடைநிறுத்தப்பட்டது. முதலில் மூன்று நாட்கள் என்றார்கள். பின்னர் அது நீண்டு, டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கியது.

படிக்க மேலதிக நாட்கள் கிடைத்தன என்று முதலில் மகிழ்ந்தேன். கூரைத் தகரத்தில் மழை இரைய, உயிரியல் குறிப்புகளோடு இரவு இரண்டு மணி வரை விழித்திருந்தேன். நித்திரை வராமலிருக்கப் பிளேன்ரீ குடித்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் இரவு ஒரே பக்கத்தை நான்கு தடவை வாசித்தும் எதுவும் மனதில் நிற்கவில்லை. காரணமில்லாமல் அழுகை வந்தது.

உம்மா வந்து புத்தகத்தை மூடினார். "படிச்சது போதும், படு மகள். கண்ணுக்கும் ஒரு ஹக்கு இருக்கு" என்றார்.

இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் உரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததையே உம்மா நினைவூட்டினார். வணக்கத்திற்கே எல்லை உண்டென்றால் படிப்புக்கு இல்லையா?

விஞ்ஞானமும் இதையே சொல்கிறது. பகலில் கற்றதை மூளை நித்திரையின்போதுதான் ஒழுங்குபடுத்தி, நீண்டகால நினைவாக நிலைப்படுத்துகிறது. 1924இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனனம் செய்ய வைத்துச் சோதித்தனர். விழித்திருந்த பின் சோதித்தபோது நினைவில் நின்றவற்றை விட, தூங்கி எழுந்த பின் நின்றவை மிக அதிகம். ஆகவே நித்திரை படிப்பின் ஒரு பகுதியே. 18 வயது வரையுள்ள பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியால நித்திரை தேவை. தேநீரிலுள்ள கஃபீனில் ஏறத்தாழப் பாதி, ஐந்து மணித்தியாலத்தின் பின்னும் உடலில் தங்கியிருக்கும். அதனால் அஸருக்குப் பிறகு அதைக் குறைப்பது நல்லது.

"தூங்கினால் பாடம் முடியாதே" என்று தங்கைமார் கேட்கலாம். படிக்கும் முறையை மாற்றினால் நேரம் மிஞ்சும். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களை விட, அதை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்தின் பின் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2006இல் ரோடிகர், கார்பிக் ஆகியோரின் ஆய்வு காட்டியது. கடந்தகால வினாத்தாள்கள் அதற்கு மிக உகந்தவை.

அன்றிரவு நான் பத்தரைக்குப் படுத்தேன். சுபஹ் தொழுதுவிட்டு அதே பக்கத்தை எடுத்தபோது பாதி விடயங்கள் ஏற்கெனவே தெரிந்திருந்தன. மீதியை எழுதிப் பார்த்தேன்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பரீட்சை மண்டபத்திலிருந்து வரும் பிள்ளையிடம் "எத்தனை கேள்வி பிழைத்தது?" என்று கேட்காதீர்கள், முதலில் சோறு கொடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். இரண்டு வாரமாக நித்திரையில்லை, சாப்பாடில்லை, வாழ்வே வெறுத்துவிட்டது என்று பிள்ளை சொன்னால், அதைப் பரீட்சைப் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் 24 மணித்தியாலமும் இயங்குகிறது. உதவி கேட்பது ஈமானின் குறைவல்ல. நோய்க்கு மருந்து தேடுவதும் நமது மார்க்கம் காட்டிய வழியே.

இனி வரும் பரீட்சைகளும் மாரி மழையில் வரலாம். மழையை நிறுத்த நம்மால் முடியாது. பத்தரைக்கு விளக்கை அணைக்க முடியும்.