மூச்சுக்கும் இடுப்புக்கும் என்ன சம்பந்தம்?

"இப்பதான் பூசினாப்ல பார்க்க நல்லா இருக்கே!"

தோட்டத்துக் கல்யாண வீடுகளில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஒல்லியாக இருந்தால் கஷ்டம், சதை பிடித்தால் வசதி. நம் தாத்தா, பாட்டி காலத்துக் கணக்கு அது. அரைவயிற்றுக் கஞ்சியோடு பால்மரம் சீவப் போனவர்களுக்கு அது நியாயமான கணக்கும்கூட.

அந்தக் கணக்கை எங்கள் குடும்பம் மாற்றிக்கொண்டது 2021 ஜூலையில்.

என் பெரியப்பா மகன், ஈஜோக் பக்கத்தில் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். லாரி ஓட்டுநர். அப்போது வயது 43. சிகரெட் இல்லை, குடி இல்லை, மருத்துவமனைப் பக்கமே போனதில்லை. கோவிட் வந்து ஐந்தாம் நாள், "அசதிதான், வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணி விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்தபோது 88 காட்டியது. ஆம்புலன்ஸ் வந்தது. அதன் பிறகு 19 நாள் ஆக்சிஜன். பெரும்பாலான நேரம் அவரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள்.

அதே வாரம், அதே வரிசையில், 70 வயதைக் கடந்த பாட்டி ஒருவருக்கும் கோவிட். இரண்டு நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டார். "கெழவி தப்பிச்சிட்டா, இவனுக்கு மட்டும் ஏன்?" என்று பெரியம்மா அழுதார். மருத்துவர் போனில் அண்ணியிடம் முதலில் கேட்டது, "இனிப்பு நீர், இரத்த அழுத்தம் உண்டா?" அடுத்தது, "எடை எவ்வளவு?" வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மருத்துவமனைத் தராசு 104 கிலோ காட்டியது.

2009இலேயே அடித்த மணி

கடும் சுவாசத் தொற்றுகளில் வயதுதான் மிகப் பெரிய ஆபத்து. அதில் மாற்றமில்லை. அந்தப் பாட்டி தப்பியது அவர் அதிர்ஷ்டம். ஆனால் வயது குறைந்தவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோகும் காரணங்களில் உடல் எடை முன்வரிசையில் நிற்கிறது.

இது முதலில் தெளிவாகத் தெரிந்தது 2009இல், எச்1என்1 காய்ச்சல் உலகைச் சுற்றியபோது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அந்தக் காய்ச்சலால் மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களின் பதிவேடுகளைப் புரட்டியபோது, ஏறக்குறைய பாதிப் பேர் உடல்பருமன் உள்ளவர்கள். அதற்குமுன் சளிக்காய்ச்சலுக்கான ஆபத்துப் பட்டியலில் எடை இடம்பெற்றதே இல்லை.

கோவிட் காலத்தில் சான்றுகள் குவிந்தன. 2020இல் நியூயார்க்கில் 3,615 நோயாளிகளைப் பார்த்தார்கள். 60 வயதுக்குக் குறைந்தவர்களில், பிஎம்ஐ 30 முதல் 34 வரை இருந்தவர்கள், 30க்குக் கீழ் இருந்தவர்களைவிட இரண்டு மடங்கு அதிகமாக மருத்துவமனையில் சேர நேர்ந்தது. இங்கிலாந்தில் 69 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வு இன்னும் ஒரு படி போனது. பிஎம்ஐ 23ஐத் தாண்டியதுமே ஆபத்து ஏறத் தொடங்குகிறது, 40 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் அந்த ஏற்றம் அதிகம் என்றது. மிகவும் மெலிந்தவர்களுக்கும் ஆபத்து கூடுவதை அதே ஆய்வு காட்டியது. ஆகவே, பட்டினி கிடப்பது இதற்குப் பதில் ஆகாது.

வயிறு பெருத்தால் நுரையீரலுக்கு என்ன?

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. அது கீழே இறங்கினால்தான் நுரையீரல் விரியும். வயிற்றுக்குள் கொழுப்பு நிறைந்திருந்தால் அது முழுமையாக இறங்க இடமில்லை. மல்லாந்து படுத்தால் இன்னும் மோசம். நுரையீரலின் அடிப்பகுதி, முதுகுப் பக்கம் காற்றில்லாமல் சுருங்கிவிடும். சாதாரண நாளில் இது தெரியாது. நுரையீரலில் அழற்சி வந்தால், கையிருப்பு இல்லாதவர் வீட்டில் திடீர்ச் செலவு வந்த கதைதான். குப்புறப் படுக்க வைப்பது அந்த முதுகுப் பக்கத்து நுரையீரலைத் திறந்துவிடத்தான்.

இரண்டாவது, கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அல்ல. குறிப்பாக உள்வயிற்றுக் கொழுப்பு, அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களை இரத்தத்தில் ஓயாமல் கலந்துகொண்டிருக்கிறது. கோவிட் கிருமி கொழுப்புத் திசுவுக்குள்ளேயே புகுந்து அங்கும் அழற்சியைக் கிளப்புவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. இதோடு இனிப்பு நீரும் சேர்ந்தால் உடலின் எதிர்ப்புப் படை தாமதமாகத்தான் கிளம்பும்.

நம் வீட்டுக் கணக்கு

சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இந்தியர்களிடையே இது 63.9 விழுக்காடு, இனவாரியாக மிக அதிகம். இனிப்பு நீர் நாட்டளவில் 18.3 விழுக்காடு, நம்மிடையே 31.4. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டளவிலான எடைக் கணக்கு 54.4 ஆக ஏறியிருக்கிறது.

இந்தக் கணக்குகள் 25, 30 என்ற உலகப் பொது அளவுகோலை வைத்துப் போட்டவை. ஆசியர்களுக்கு, அதிலும் நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு, கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும் உடல்வாகு. அதனால் மலேசிய மருத்துவ வழிகாட்டியில் 23க்கு மேல் அதிக எடை, 27.5க்கு மேல் உடல்பருமன். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 59 கிலோவில் எச்சரிக்கை தொடங்குகிறது. 70ஐத் தாண்டினால் உடல்பருமன். "நான் ஒண்ணும் குண்டு இல்லையே" என்று நினைக்கும் பலர் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம்.

தோட்டம் மாறியது, தட்டு மாறவில்லை

நாட்டின் முதல் வணிகச் செம்பனை 1917இல் நடப்பட்டது நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பால்மரமோ செம்பனையோ, அன்றைய வேலை விடியுமுன் தொடங்கி, மரத்துக்கு மரம் நடந்து முடிவது. குவியலாகச் சோறு போட்டாலும் உடம்பு எரித்துவிடும்.

அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பெஸ்தாரி ஜெயாவிலும் புஞ்சாக் அலாமிலும் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட், பாதுகாவலர் நாற்காலி, லாரி ஸ்டீயரிங். இரவு பதினொரு மணிக்குக் கடையில் கிடைப்பது ரொட்டி சானாயும் தே தாரிக்கும்தான். சோம்பேறித்தனம் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை மாறியது, நேரம் மாறியது, சம்பளம் பெரிதாக மாறவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணன் ஏன் ஐந்து நாள் தாமதித்தார்? "போனா, உடம்பைக் குறைன்னு திட்டுவாங்க" என்று பிறகுதான் சொன்னார். 2021இல் வீட்டிலேயே மூச்சு நின்று, அதன் பிறகு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் இந்த நாட்டில் ஏராளம். கேலிக்குப் பயந்து ஒருவர் கிளினிக் வாசலை மிதிக்காமல் இருந்தால், எடையைவிட அந்தக் கேலி பெரிய ஆபத்து.

செய்யக்கூடியவை

அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் ஒரு முக்கியமான செய்தி சொல்கிறது. அறுவை சிகிச்சையால் எடை குறைத்தவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே கோவிட் தொற்றியது. ஆனால் மருத்துவமனையில் சேரும் ஆபத்து அவர்களுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் அறுவை சிகிச்சை வேண்டும் என்பதல்ல இதன் பொருள். எடை என்பது மாற்றக்கூடிய ஆபத்து என்பதுதான்.

● தையல் பெட்டியில் இருக்கும் அளவு நாடாவை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால், அருகிலுள்ள அரசு கிளினிக்கில் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் பாருங்கள்.

● உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே பலன் தொடங்கும். 90 கிலோ உள்ளவருக்கு அது நாலரைக் கிலோ.

● தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, அரைப் பங்கு காய்கறி, பழம். அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செபாரோ' இதுதான்.

● எடை குறையும்வரை காத்திருக்காமல் சளிக்காய்ச்சல், கோவிட் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

● காய்ச்சலோடு மூச்சு வாங்கினாலோ, ஆக்சிமீட்டர் 95க்குக் கீழே இறங்கினாலோ, அன்றே மருத்துவமனை. "நாளைக்குப் பார்ப்போம்" வேண்டாம்.

அண்ணன் இன்றும் லாரிதான் ஓட்டுகிறார். மூன்றாண்டுகளில் 13 கிலோ குறைத்திருக்கிறார், இடையில் நாலு கிலோ ஏறி இறங்கியது தனிக்கதை. கடையில் உட்கார்ந்தால் "தே ஓ கோசோங்" என்கிறார். கூட இருப்பவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிக்கிறார்.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த அத்தை, "என்னப்பா இப்படி இளைச்சிட்டே, உடம்புக்கு என்ன?" என்று பதறினார். பதில் சொன்னது பெரியம்மா:

"ஒண்ணுமில்ல. இப்பதான் நல்லா இருக்கான்."