‘இல்லை’ என்பதும் ஒரு பதில்தான்

‘தகவல் சொல்லி அனுப்புகிறோம்’ - தனியார் நிறுவனங்களின் நேர்காணல்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் முடிகின்றன. சொன்னவர் அடுத்த நிமிடமே அதை மறந்துவிடலாம். கேட்டவரால் மறக்க முடிவதில்லை. முதல் வாரம் கைப்பேசியைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருப்பார். இரண்டாவது வாரம் வேண்டாத மின்னஞ்சல்கள் சேரும் பெட்டியையும் திறந்து பார்ப்பார். மூன்றாவது வாரம், நாமே அழைத்துக் கேட்கலாமா, கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குவார். தேர்வாகவில்லை என்று எவரும் அவரிடம் சொல்வதில்லை. நாள்கள் கடந்துவிட்டன என்பதிலிருந்து அவரே அதை ஊகித்துக்கொள்ள வேண்டும்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள். வேலைச் சந்தையில் அது மறுப்புக்கு அறிகுறியாகிவிட்டது. இதை வெறும் பண்புக் குறைவு என்றே பலரும் கருதுகிறார்கள். பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், நான் இதை ஒரு செலவுக் கணக்காகவும் பார்க்கிறேன். ஒரு தரப்பு மிகச் சிறிய செலவைத் தவிர்த்துக்கொண்டு, அதைவிடப் பல மடங்கு பெரிய செலவை மறுதரப்பின் தலையில் ஏற்றுகிறது. சுமப்பவரோ பெரும்பாலும் அதைத் தாங்கும் வசதி குறைந்தவர்.

காத்திருப்பின் விலை

தகவலுக்கு ஒரு விலை உண்டு, அதைத் தேடுவதற்கு ஒரு செலவு உண்டு என்பதைப் பொருளியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் ஜார்ஜ் ஸ்டிக்லர். 1961இல் பொதுவான சந்தைகளைப் பற்றியும், 1962இல் வேலைச் சந்தையைப் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகள் ஒரு புதிய துறைக்கே வித்திட்டன. வேலை காலியாக இருக்கும்போதே வேலையில்லாதவர்களும் இருப்பது எப்படி என்ற கேள்வியை, தேடலில் உள்ள தடைகளைக் கொண்டு விளக்கியதற்காகவே பீட்டர் டயமண்ட், டேல் மார்டென்சன், கிறிஸ்டஃபர் பிஸாரிடிஸ் ஆகிய மூவருக்கும் 2010ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தத் துறை கற்றுத்தரும் எளிய உண்மை ஒன்று உண்டு. வேலை தேடும் ஒவ்வொருவரும், ‘இதற்குக் குறைந்த ஊதியத்துக்குச் சம்மதிக்க மாட்டேன்’ என்று மனத்துக்குள் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறார். வேறு என்ன வாய்ப்புகள் வரக்கூடும் என்ற மதிப்பீட்டைப் பொறுத்து அந்தக் கோடு ஏறும், இறங்கும். நல்ல நிறுவனம் ஒன்றில் கடைசிச் சுற்று வரை சென்றவர், அதைவிடக் குறைந்த ஊதியத்தில் கைக்கு எட்டிய இன்னொரு வேலையை மறுப்பது பேராசையால் அல்ல. தம்மிடம் உள்ள தகவலின்படி அவர் சரியான முடிவையே எடுக்கிறார். அந்தத் தகவல் காலாவதியாகிவிட்டது என்பதுதான் அவருக்குத் தெரியாது.

என்னிடம் முதுகலை படித்த மாணவி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சென்னையில் தனியார் நிதி நிறுவனம் ஒன்றில் மூன்று சுற்று நேர்காணல்களுக்குச் சென்றார். ஒவ்வொரு முறையும் விழுப்புரம் அருகிலுள்ள தம் ஊரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, இரவு வீடு திரும்பினார். கடைசிச் சுற்றில், எப்போது பணியில் சேர முடியும், எவ்வளவு ஊதியம் எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கிடைத்துவிடும் என்று நம்ப வேறென்ன வேண்டும்? பி.எட். முடித்திருந்ததால், ஊருக்கு அருகில் ஒரு பள்ளியில் ஆசிரியர் பணிக்கும் அவரை அழைத்திருந்தார்கள். பத்து நாள் அவகாசம் கேட்டார், பள்ளியும் பொறுத்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அந்த இடத்தில் வேறொருவர் இருந்தார். நிதி நிறுவனத்திலிருந்து இன்றுவரை எந்தப் பதிலும் இல்லை. ‘உங்களைத் தேர்வு செய்யவில்லை’ என்ற ஒற்றை வரி மே மாதத்திலேயே வந்திருந்தால், அவர் ஓராண்டு ஊதியத்தை இழந்திருக்க மாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு போடலாம். ஒரு பணியிடத்துக்குப் பத்துப் பேரை நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். ஒருவர் தேர்வாகிறார். மீதி ஒன்பது பேரும் தலா 30 நாள் காத்திருந்தால், அது 270 நாள்கள். ஒன்பது பேருக்கும் தனித்தனியே சிறு மின்னஞ்சல் எழுத, ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் 27 நிமிடங்கள் போதும். காத்திருப்பவர்கள் வேறு எங்கும் முயலாமல் சும்மா இருப்பதில்லை என்பது உண்மைதான். ஆயினும், 270 நாள்களின் தடுமாற்றத்தை 27 நிமிடங்களால் தவிர்க்க முடியும் என்றால், அதைச் செய்யாமல் விடுவதற்கு எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை.

இந்தச் சுமை எவர் மீது விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023-24இல் நாட்டின் ஒட்டுமொத்த வேலையின்மை விகிதம் 3.2 விழுக்காடு, 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரிடையே அது 10.2 விழுக்காடு. நேர்காணல் அறைகளுக்கு வெளியே காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தாம்.

நிறுவனங்கள் ஏன் பேசுவதில்லை?

நிறுவனங்களின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். முதலாவது காரணம், எண்ணிக்கை. இணையம் வந்தபிறகு விண்ணப்பிப்பது எளிதாகிவிட்டதால், ஒரு பணியிடத்துக்கு ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பிக்கிறார்கள். இது உண்மையான சிரமம். ஆனால், விண்ணப்பித்தவர் வேறு; நேர்காணலுக்கு அழைக்கப்பட்டவர் வேறு. முன்னவர்களுக்குக் கணினி தானாக அனுப்பும் பதில் போதும். பின்னவர்களோ நிறுவனமே தேர்ந்தெடுத்து அழைத்தவர்கள், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

இரண்டாவது, பொறுப்பு எவருடையது என்ற தெளிவின்மை. ஆள் தேவை என்று சொல்வது ஒரு துறை. நேர்காணலை ஏற்பாடு செய்வது மனிதவளப் பிரிவு. ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது வெளியிலுள்ள கன்சல்டன்சி. முடிவைச் சொல்ல வேண்டியவர் அடுத்தவர்தான் என்று மூவரும் நினைக்கிறார்கள். சில வேளைகளில் அந்தப் பணியிடமே நிறுத்திவைக்கப்பட்டிருக்கும். சொல்வதற்கு முடிவே இருக்காது. ஆனால், அதையாவது சொல்லலாம் அல்லவா?

மூன்றாவது, சட்டம் குறித்த அச்சம். எழுத்தில் எதைக் கொடுத்தாலும் நாளை வழக்குக்கு ஆதாரமாகும் என்று சட்ட ஆலோசகர்கள் எச்சரிக்கிறார்கள். இந்த அச்சம் காரணத்தைச் சொல்வதற்குப் பொருந்தலாம். முடிவைச் சொல்வதற்குப் பொருந்தாது.

நான்காவது காரணம்தான் முக்கியமானது. நிறுவனங்கள் வெளியே சொல்லாததும் அதுவே. தேர்வானவர் சேராமல் போகக்கூடும். மென்பொருள் துறையில், இருக்கும் வேலையிலிருந்து விலக 90 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற நிபந்தனை பல நிறுவனங்களில் உள்ளது. அந்த மூன்று மாதத்துக்குள் அவருக்கு வேறிடத்தில் கூடுதல் ஊதியம் கிடைத்துவிடலாம். ஆகவே, இரண்டாம் இடத்தில் உள்ளவரைக் கைவிடாமல் வைத்திருப்பது நிறுவனத்துக்கு லாபம். ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அவர் கைநழுவிப் போய்விடுவார். சொல்லாமலிருந்தால் தேவைப்படும்போது அழைத்துக்கொள்ளலாம்.

பங்குச் சந்தையில், ஒன்றைப் பின்னர் வாங்கிக்கொள்ளும் உரிமையைப் பெற முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும். மனை வாங்குபவர்கூட முன்பணம் கொடுத்துத்தான் உரிமையாளரைக் காத்திருக்கச் சொல்கிறார். வேலைச் சந்தையில் மட்டும் ஒரு மனிதரின் காலத்தை முன்பணமின்றி முடக்கிவைக்க முடிகிறது. ‘நீங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிறீர்கள், இந்தத் தேதிக்குள் உறுதியாகச் சொல்கிறோம், அதுவரை காத்திருப்பது உங்கள் விருப்பம்’ என்று வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தை நான் குறைகூற மாட்டேன். அதை ஏற்பதும் மறுப்பதும் கேட்பவரின் உரிமையாகிவிடுகிறது.

முடிவு வேறு, காரணம் வேறு

இந்த விவாதத்தில் இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, தேர்வா இல்லையா என்ற முடிவு. மற்றொன்று, ஏன் என்ற காரணம். முடிவைச் சொல்வதற்குச் செலவு இல்லை. அது கேட்பவரின் உரிமை. காரணத்தைச் சொல்ல நேரமும் பக்குவமும் வேண்டும்; அதை எல்லா நிறுவனங்களிடமும் கட்டாயமாகக் கேட்க முடியாது. இரண்டாவது கடினம் என்பதைக் காட்டி முதலாவதையும் மறுப்பதுதான் இன்று நடக்கிறது.

அரசுத் துறையில் வேறு குறைகள் உண்டு. தேர்வுகள் ஆண்டுக் கணக்கில் இழுக்கின்றன, வழக்குகளில் சிக்குகின்றன. ஆயினும், முடிவைச் சொல்வதில் அங்கே ஒரு தெளிவு உள்ளது. குடிமைப் பணித் தேர்வின் 2,025 மதிப்பெண்களில் 275 ஆளுமைத் தேர்வுக்கு உரியவை. தேர்வாகாதவரும் தம் மதிப்பெண்ணை அறிந்துகொள்ளலாம். இறுதிக் கட்டம் வரை வந்து வாய்ப்பை இழந்தவர்களின் விவரங்களை, அவர்கள் விரும்பினால் பிற வேலையளிப்போருக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டையும் மத்தியத் தேர்வாணையம் செய்திருக்கிறது. தேர்வாகாதவர் தகுதியற்றவர் அல்லர் என்பதை ஓர் அமைப்பே ஒப்புக்கொள்ளும் முறை இது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தபிறகு, திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. தனியார் நிறுவனங்களிடம் இந்தச் சட்டத்தைக் கொண்டு நேரடியாகக் கேட்க இயலாது.

தனியார் துறைக்கு நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் தனியார் நிறுவனங்களையும் உள்ளடக்கி, காலிப் பணியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1959லேயே இயற்றப்பட்டது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அது இணைக்கப்பட்டிருக்கிறது. இடம் காலி என்று அரசுக்குச் சொல்லச் சொன்ன சட்டம், இடம் நிரம்பிவிட்டது என்று நேர்காணலுக்கு வந்தவருக்குச் சொல்லச் சொல்லவில்லை.

ஆள்சேர்ப்பில் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் தடைசெய்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் தடைசெய்கிறது. ஆனால், திருமணம் எப்போது என்று நேர்காணலில் கேட்கப்பட்டு, பிறகு எந்தப் பதிலும் பெறாத ஒரு பெண், எந்த முடிவை எதிர்த்து முறையிடுவார்? முடிவே அறிவிக்கப்படாத இடத்தில் பாகுபாடு வசதியாக ஒளிந்துகொள்கிறது.

புலம்பெயர்ந்த ஈழத் தமிழர்கள் பெருமளவில் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாநிலம் இதில் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த பணிக்கு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாள்களுக்குள், அந்தப் பணிக்கு ஆள் எடுப்பது பற்றி முடிவு எடுக்கப்பட்டுவிட்டதா என்பதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் இந்த விதி நடைமுறைக்கு வந்துள்ளது. காரணத்தைச் சொல்லும்படி அது கேட்கவில்லை. காத்திருப்பவரைக் காத்திருப்பிலிருந்து விடுவிக்க மட்டுமே கேட்கிறது.

என்ன செய்யலாம்?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நேர்காணல் முடியும்போதே ஒரு தேதியைச் சொல்லலாம். அந்தத் தேதியில் முடிவாகவில்லை என்றால், முடிவாகவில்லை என்று சொல்லலாம். மறுப்புக் கடிதத்தில், எந்தப் பணிக்கான நேர்காணல், என்ன முடிவு, விண்ணப்பம் இனியும் பரிசீலனையில் இருக்கிறதா, ஐயம் இருந்தால் எவரைத் தொடர்புகொள்வது என்ற நான்கும் இருந்தால் போதும். ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்ற குறிப்போடு, பெயரும் கையொப்பமும் இல்லாமல் வரும் கணினிக் கடிதம், மௌனத்தைவிட மேல்தான். ஆனால், நேரில் வந்து ஒரு மணி நேரம் பேசியவருக்கு, அவரோடு பேசிய மனிதரின் பெயரில் இரண்டு வரி வருவதே முறை.

கல்லூரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. வளாக நேர்காணல்களில் முடிவு விரைவாக வெளியாவதை நான் கவனித்திருக்கிறேன். அங்கே நிறுவனத்தின் முன் நிற்பது தனியொரு மாணவர் அல்ல, கல்லூரி. அடுத்த ஆண்டும் அதே வாசலுக்கு வர வேண்டும் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். வளாகத்துக்கு வெளியே தனியாகச் செல்லும் இளைஞருக்கு அந்தப் பலம் இல்லை. வளாகத் தேர்வுக்கு அனுமதி தரும்போதே, பின்னர் வேறிடத்தில் நடக்கும் சுற்றுகளுக்கும் முடிவு தெரிவிக்கும் நாளை எழுத்தில் கேட்டுப் பெற வேலைவாய்ப்புப் பிரிவுகளால் முடியும்.

வேலையை ஒப்புக்கொண்டு, சேரும் நாளன்று கைப்பேசியை அணைத்துவிடும் இளைஞர்களைப் பற்றி மனிதவள மேலாளர்கள் மனம் நொந்து பேசுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. அதுவும் அதே தவறுதான். ஆனால், இளைஞர்கள் அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் தங்களுடைய முதல் சில நேர்காணல்களில்தான். மாற்றத்தைத் தொடங்க வேண்டியவர், முதலில் வாக்குக் கொடுத்தவர். ‘தகவல் சொல்லி அனுப்புகிறோம்’ என்று கூறுபவர் அந்தத் தகவலைச் சொல்லி அனுப்ப வேண்டும். அது ‘இல்லை’ என்பதாக இருந்தாலும், மறுநாள் காலை வேறொரு வாசலுக்குப் புறப்பட அந்த இளைஞருக்கு அது போதும்.