வைகையின் தலைமாட்டில் சோலைமந்தி

இராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்தால் நம் குடும்பங்களில் முகம் மலர்கிறது. வறண்டால் வயலோடு மனமும் வாடுகிறது. அக்கண்மாய்க்கு நீர் கொணரும் வைகை எங்கே பிறக்கிறதென்று கேட்டால், வருசநாட்டு மலையில் என்று நம் பிள்ளைகள் உடனே விடை கூறுவர். ஆனால் அம்மலைப் பகுதியில் வாழும் ஓர் அரிய உயிரை அறிந்தோர் பெரியவர்களிலும் சிலரே.

அதுவே சோலைமந்தி. கரிய உடலும், முகத்தைச் சூழ்ந்த சாம்பல் நிறப் பிடரியும், வால் நுனியில் குஞ்சமும் உடையதாதலின் சிங்கவால் குரங்கு என்றும் அதனை வழங்குவர். மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் அது இயற்கையாக வாழ்வதில்லை. காடுகளில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 4,000-க்கு மேற்படா என்று கணிக்கின்றனர். வருசநாட்டை அடுத்த மேகமலைக் காடுகளும் அதன் உறைவிடங்களுள் ஒன்று.

சோலைமந்தி பெரும்பாலும் தரையில் இறங்காது. மரத்திற்கு மரம் தாவி, வெடிபலா, அத்தி முதலிய கனிகளையும் பூச்சிகளையும் உண்டு வாழும். ஒரு முறைக்கு ஒரே குட்டி. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே ஒருமுறை குறைந்த கூட்டம் எளிதில் பெருகுவதில்லை.

அத்தகைய உயிரின் வீட்டைத்தான் நாம் துண்டாடினோம். தேயிலைக்கும் காப்பிக்கும் ஏலத்திற்கும் காடுகள் திருத்தப்பட்டன. அங்கு உழைத்த ஏழை எளியவரைக் குறை கூறுவதற்கில்லை. பஞ்சத்தால் மலையேறியவர்களுள் நம் சீமையினரும் உண்டு. ஆயினும் விளைவைக் காணாதிருத்தல் ஆகாது. வால்பாறையை அடுத்த புதுத்தோட்டத்தில், சிறு காட்டுத் துண்டொன்றில் ஒதுங்கிய சோலைமந்திகள் சாலையைக் கடக்கையில் வண்டிகளில் அடிபட்டு மாண்டன. அவை தரையிறங்காமல் கடக்க மரங்களுக்கிடையே தொங்குபாலங்கள் கட்டப்பட்டுள்ளன.

இத்துன்பத்தோடு இன்று வெப்பமும் சேர்ந்துள்ளது. மழை பருவம் தவறினால் மரங்கள் பூத்துக் காய்க்கும் காலமும் தவறும். முன்னாளில் காடு தொடர்ந்திருந்தமையால், ஓரிடத்தில் கனி குறைந்தால் மற்றோரிடம் செல்ல வழியிருந்தது. இன்று இடையே தோட்டங்களும் சாலைகளும் நிற்கின்றன. குளிர்ச்சி தேடி மேலே ஏறலாமெனினும், மலைக்கும் ஒரு முடிவு உண்டன்றோ? நம் கடலோர மக்களுக்கு இது புதிதன்று. கடல் சூடேறியதால் மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளப்பாறைகள் வெளுத்ததை அவர்கள் அறிவர். பவளம் மடிந்தால் மீன் வீடிழக்கிறது. சோலை அழிந்தால் மந்தி வீடிழக்கிறது.

“மனிதருக்கே குடிநீர் இல்லாதபோது குரங்கைப் பற்றிக் கவலை எதற்கு?” என்று சிலர் வினவலாம். மழையை உறிஞ்சி வைத்துச் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுவது அச்சோலையே. கனியை உண்டு விதைகளைப் பரப்பிச் சோலையை வளர்ப்போருள் மந்தியும் ஒன்று. 1895 முதல் மலையைக் குடைந்த வழியே வைகையோடு சேரும் பெரியாற்று நீரும் அத்தகைய காடுகளின் கொடையே. மந்தியின் வீடும் நம் கண்மாயும் ஒரே நீரால் கட்டுண்டவை.

நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நீரில் மூழ்கடிக்கவிருந்த மின் திட்டம் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அப்போராட்டத்தின் அடையாளமாக விளங்கியது சோலைமந்தியே. 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் பகுதி புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

வெள்ளம் வடிந்தபின் இறைவன் நோவாவுடன் மட்டுமன்று, பேழையிலிருந்து வெளிவந்த எல்லா உயிர்களுடனும் உடன்படிக்கை செய்தார் என விவிலியம் கூறுகிறது. பொது இல்லமாகிய பூமியைப் பேணுமாறு திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வேண்டியதும் இந்த உறவை முன்னிட்டே.

ஆதலின் குடும்பத்தோடு மலைக்குச் செல்வோர் குரங்குகளுக்குத் தின்பண்டம் எறியாதிருப்பார்களாக. அப்பழக்கமே அவற்றைச் சாலைக்கு இழுக்கிறது. பிளாஸ்டிக் பைகளைக் காட்டில் விடாதிருப்பார்களாக. ஊரிலோ, ஆலும் அத்தியும் இலுப்பையும் நட்டு, வரத்துக்கால்களைத் தூர்வாரிக் காப்போமாக. அடுத்த முறை கண்மாய் நிறையும்போது இறைவனுக்கு நன்றி கூறுவோம். அந்நன்றியில் மேகமலைச் சோலையையும் அதன் மந்தியையும் நினைவுகூர்வோம்.