காலையில் கழி, மாலையில் கடல்

பண்ருட்டியிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாக வரும் பஸ்ஸில் ஏறி, கடலூரில் இறங்கி, தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போகாதவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. செல்ஃபி எடுத்திருப்போம், பஜ்ஜி சாப்பிட்டிருப்போம். தலைக்கு மேலே பறந்த வெள்ளைப் பறவையையும் சிலர் படம் எடுத்திருப்பீங்க. வீட்டுக்கு வந்து பார்த்தால் பறவை கறுப்பாக விழுந்திருக்கும். "நம்ம கேமரா அவ்வளவுதான்" என்று விட்டுவிடுவோம். பெரும்பாலும் குறை கேமராவில் இல்லை. நின்ற இடத்திலும் நேரத்திலும்தான்.

அது என்ன பறவை?

நம்ம கரையில் முக்கியமாக இரண்டு கூட்டத்தைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று கடற்காகம். கொஞ்சம் பருமனான உடம்பு. மணலில் நடக்கும், தண்ணீரில் மிதக்கும், படகிலிருந்து வீசும் கழிவு மீனையும் விடாது. இன்னொன்று ஆலா. ஒல்லியான உடம்பு, கூரான அலகு, நீண்டு குறுகிய சிறகு, பிளந்த வால். பல ஆலாக்கள் அந்தரத்தில் சிறகடித்து நின்று, மீனைக் குறிபார்த்துத் தலைகுப்புறப் பாயும்.

குளிர்காலத்தில் இங்கே வரும் பழுப்புத்தலைக் கடற்காகத்தை எடுத்துக்கொள்வோம். லடாக்கில் உள்ள சோ மோரிரி மாதிரி 4,500 மீட்டர் உயரத்து ஏரிகளிலும், திபெத்திலும் குஞ்சு பொரிக்கிற பறவை இது. பேர்தான் பழுப்புத்தலை. இங்கே இருக்கும் மாதங்களில் தலை வெள்ளையாக இருக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும் தெரியும். சிக்கல் என்னவென்றால், கருந்தலைக் கடற்காகத்துக்கும் குளிர்காலத்தில் அதே பொட்டுதான். வித்தியாசம் சிறகில் இருக்கிறது. வளர்ந்த பழுப்புத்தலைக்குச் சிறகின் கறுப்பு நுனிக்குள் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை ஓடும். அதனால் சிறகு விரிந்த, வெளிச்சம் விழுந்த ஒரு படம் கிடைத்தால் பேர் சொல்லிவிடலாம்.

வெளிச்சம்

நமக்குச் சூரியன் கடலில் உதிக்கிறது. காலை ஏழு மணிக்குக் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் பறவைக்குப் பின்னால் இருக்கும். வெள்ளைப் பறவையும் கறுப்பாகத்தான் விழும். அதனால் காலையில் கடலுக்கு முதுகைக் காட்டுங்க. கெடிலம் கடலில் சேரும் பக்கம், மணல் திட்டுக்குப் பின்னால் கழி இருக்கிறது. அதைப் பார்த்து நின்றால் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும். சாயங்காலம் இதைத் திருப்பிப் போடுங்க: ஊருக்கு முதுகு, கடலுக்கு முகம். சிதம்பரம் பக்கம் இருப்பவர்கள் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்திலும் இதே கணக்கைப் போடலாம். ஒன்று மட்டும்: முகத்துவாரத் தண்ணீரில் இறங்காதீங்க. ஓதம் வத்தும்போது இழுப்பு பலமாக இருக்கும்.

காற்று

விமானம் எதிர்காற்றில்தான் ஓடி எழும்பும். சிறகின் மேல் காற்று வேகமாக ஓடினால் தூக்குவிசை சீக்கிரம் கிடைக்கும். பறவைக்கும் அதே கணக்குதான். மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பாருங்க, பெரும்பாலும் எல்லாத் தலையும் காற்று வரும் திசையில் இருக்கும். எழும்புவதும் இறங்குவதும் அந்தத் திசையில்தான். வாடை வீசும் மாதங்களில் அது வடகிழக்கு. எனவே கூட்டத்துக்குப் பின்னால் நின்றால் வால்தான் கிடைக்கும். வெளிச்சத்தை விட்டுவிடாமல் கொஞ்சம் பக்கவாட்டில் போய் நின்றால் அலகிலிருந்து வால் வரை முழுசாகக் கிடைக்கும்.

கேமராவில் என்ன வைப்பது?

பறக்கும் ஆலாவுக்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடி, ஐஎஸ்ஓ ஆட்டோ. கேமராவின் ஒளிமானி பார்க்கும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்துக் கணக்குப் போடும். பின்னால் இருண்ட கடல் இருந்தால் அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளை இறகு வெளுத்துப்போகும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைங்க. பின்னால் பளிச்சென்ற வானம் என்றால் ஒரு படி கூட்டுங்க. மொபைல் மட்டும்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். பறவை மேல் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்து, வீடியோவாக எடுத்து, அதிலிருந்து நல்ல ஃப்ரேமைப் பிரித்துக்கொள்ளலாம்.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

இதை மீட்டரில் சொல்ல முடியாது, பறவையே சொல்லும். இறகு கோதிக்கொண்டிருந்தது நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினால் நீங்கள் எல்லைக்கு வந்துவிட்டீங்க. நடந்து விலக ஆரம்பித்தால் எல்லையைத் தாண்டிவிட்டீங்க. அங்கேயே உட்காருங்க. அசையாமல் இருப்பவரைப் பறவை கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், சில சமயம் அதுவே கிட்ட வரும்.

பறக்கிற படம் வேண்டும் என்று கூட்டத்துக்குள் ஓடுபவர்களைப் பார்த்திருப்பீங்க. இமயமலைக்கு அப்பால் திரும்பிப் போக அந்தப் பறவை இங்கேதான் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. ஒவ்வொரு தடவை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்து செலவாகிறது. கோடையில் நிலைமை இன்னும் மோசம். சிறு ஆலாவும் உப்புக்கொத்தியும் வெறும் மணலைக் கொஞ்சம் குழித்து முட்டை வைக்கும். முட்டையும் மணல் நிறம்தான், காலடியில் இருந்தாலும் தெரியாது. தாய் எழுந்து போய்விட்டால் வெயிலில் முட்டை வெந்துவிடும்; காக்கையும் காத்திருக்கும். அந்த மாதங்களில் ஒரு பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால், வந்த வழியே திரும்பிவிடுங்க. அங்கே நின்று எடுக்கிற எந்தப் படமும் வேண்டாம்.

எடுத்த படத்தை என்ன செய்வது?

ஸ்டேட்டஸில் வைத்தால் 24 மணி நேரத்தில் போய்விடும். நாள், நேரம், இடம், எண்ணிக்கை சேர்த்து இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் அது பதிவாக நிற்கும். காலில் வளையம் தெரிந்தால் எழுத்தும் எண்ணும் படிக்கும்படி எடுங்க. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது, வெளிநாடுகளிலும் போடுகிறார்கள். அந்த எண் ஒரு பறவையின் பயணத்தையே சொல்லிவிடும்.

பொங்கல் லீவில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். ஹாஸ்டலிலிருந்து ஊருக்கு வந்திருப்பீங்க, கடற்காகமும் வந்திருக்கும். கரும்பு சாப்பிட்ட கையோடு ஒரு சாயங்காலம் கடற்கரைக்குப் போய், 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணுங்க. கணக்கில் சேர அதுவே போதும்.