நெஞ்சு பதறுதலும் நெஞ்சு நோதலும்

நெஞ்சு என்பது நம் மொழியில் இருபொருள் தரும் சொல். மார்பையும் நெஞ்சு என்கிறோம். மனத்தையும் நெஞ்சு என்கிறோம். அச்சம் மிகுந்தால் நெஞ்சு பதறுகிறது. இதயம் பழுதுற்றால் நெஞ்சு நோகிறது. இவ்விரண்டனுள் எது நேர்ந்தது என்று பிரித்தறிதல் முதுமையில் எளிதன்று. இளையோராகிய உங்களிடம் இதனை ஏன் கூறவேண்டும் என்று நீங்கள் வினவலாம். பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் பகற்பொழுதில் பாட்டனாரோ பாட்டியாரோ மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து அமர்ந்தால், அருகில் இருக்கப்போகிறவர் நீங்களே. அப்போது நீங்கள் எடுக்கும் முடிவில் ஓர் உயிர் தங்கியிருக்கக்கூடும்.

என் வாழ்வில் கண்ட இரு நிகழ்ச்சிகளைக் கூறித் தொடங்குகிறேன். பணியினின்றும் ஓய்வு பெற்ற மறு ஆண்டில், ஓரிரவு இரண்டு மணியளவில் திடுக்கிட்டு விழித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு முட்டியது, விரல் நுனிகள் மரத்தன, இறுதி வந்துவிட்டது என்றே எண்ணினேன். பதினோராம் வகுப்பில் படித்துவந்த என் பேரன், "தாத்தா, பேசாமல் அமர்ந்திருங்கள், வண்டியை அழைத்துவிட்டேன்" என்றான். மருத்துவமனையில் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்தனர். இரத்தத்தைச் சில மணி இடைவெளியில் இருமுறை சோதித்தனர். இதயம் நலமாகவே இருந்தது. வந்தது அச்சத்தின் விளைவு என்றனர். வீணாக எல்லாரையும் அலைக்கழித்தேனே என்று நாணினேன். அம்மருத்துவர், "ஐயா, நீங்கள் வந்தது பிழையன்று. வாராது இருந்திருந்தால் அதுவே பிழை" என்று தேற்றினார்.

அவர் கூற்றின் ஆழம் எனக்கு முன்னரே தெரியும். என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவருக்கு ஒருநாள் மாலையில் மேல்வயிறும் மார்பும் இறுகின, உடல் வியர்த்தது. வாயுத் தொல்லை என்று வீட்டார் கருதினர். ஓமத் தண்ணீரும் சோடாவும் கொடுத்தனர். ஏப்பம் வந்ததும் சற்றுத் தேறியதாக அவரும் கூறினார். விடியுமுன் அவர் உயிர் பிரிந்தது. அவர் வீட்டாரின் அன்பில் குறையில்லை. அறிவுதான் உரிய வேளையில் துணைக்கு வரவில்லை.

இருவேறு நோய்கள் ஒரே கோலம் பூண்டு வருவது எங்ஙனம்? அச்சம் தோன்றியவுடன் மூளை உடலைப் போருக்கோ ஓட்டத்துக்கோ ஆயத்தம் செய்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்த சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தோல் வியர்க்கிறது, வயிறு கலங்குகிறது. அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கானன் இதனை ஆராய்ந்து 1915இல் நூலாக வெளியிட்டார். அச்சத்தில் மூச்சு வேகமாக வாங்குவதால் இரத்தத்திலுள்ள கரியமில வாயு குறைகிறது. அதனாலேயே விரல் நுனியும் உதட்டைச் சுற்றிய பகுதியும் மரக்கின்றன, தலை சுழல்கிறது. ஆகவே பதற்றத்தால் வரும் துன்பம் பாசாங்கன்று. உடலில் மெய்யாகவே நிகழும் மாறுதல் அது.

இதய நோயின் வழி வேறு. இதயம் உடல் முழுவதற்கும் இரத்தம் இறைக்கும் தசை. அத்தசைக்கே இரத்தம் தரும் குழாய்களில் நாளடைவில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. ஓய்வில் போதுமானதாக இருந்த இரத்தம், மேடு ஏறும்போது போதாமற் போகிறது, மார்பு இறுகுகிறது. நின்றால் சில நிமிடங்களில் வலி தணிகிறது. ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1768ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் கழகத்தில் இதனைத் தெளிவுற எடுத்துரைத்தார். நடக்கையில், அதிலும் உணவுக்குப் பின் மேடு ஏறுகையில், வலி வருவதையும், நின்றவுடன் அது மறைவதையும் அவர் குறித்திருந்தார். குறுகிய குழாயில் இரத்தம் உறைந்து வழி முற்றும் அடைபடின், அதுவே மாரடைப்பு. அப்போது ஓய்வெடுத்தாலும் வலி நீங்குவதில்லை. நிமிடந்தோறும் தசை அழிகிறது.

இவ்விரண்டையும் பிரித்தறிய மருத்துவர் நெடுங்காலம் முயன்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய வீரர் பலர் படபடப்பும் மார்பு நோவும் மூச்சுத் திணறலும் உற்றனர். அத்தகையோர் 300 பேருக்கு மேல் ஆராய்ந்த டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871இல் தம் கட்டுரையை வெளியிட்டார். 'போர்வீரர் இதயம்' என்று அந்நோய் பெயர் பெற்றது. அவற்றுட் பலவற்றைப் பிற்காலத்து அறிஞர் மனக்கலக்கத்தின் விளைவு என்றே கருதினர்.

இனி, வேறுபாடுகளைக் காண்போம். இதய வலி பெரும்பாலும் மார்பின் நடுவே பாரம் வைத்தாற்போல் அழுத்தும். இடக்கை, தோள், கழுத்து, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதலும் உண்டு. நோயாளி அதனை உள்ளங்கையை மார்பில் வைத்துக் காட்டுவார். பதற்றத்தால் வரும் நோவு ஊசி குத்தினாற்போல் ஓரிடத்தில் வந்து மறைவது மிகுதி. அதனை ஒருவிரலால் சுட்டிக் காட்டுவதும் உண்டு. இதய வலி உழைப்பால் மிகும். பதற்றம் வாளாவிருக்கும்போதும் வரும். பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சமடைந்து பின் படிப்படியாகத் தணியும். மாரடைப்பின் வலி 15, 20 நிமிடங்களைக் கடந்தும் நிற்கும்.

இவ்வளவும் கேட்டபின், "இனி நாங்களே கண்டுகொள்வோம்" என்று நீங்கள் எண்ணிவிடலாகாது. மேற்கூறியவை பொதுவிதிகளே; முதுமையில் அவை அடிக்கடி பொய்க்கும். முதியோர்க்கும், நீரிழிவு உடையோர்க்கும், பெண்டிர்க்கும் மாரடைப்பு மார்பு வலியின்றியே வரக்கூடும். மூச்சுத் திணறல், சொல்லொணாச் சோர்வு, குமட்டல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவற்றுள் ஒன்றே அதன் அடையாளமாக அமைதலும் உண்டு. மேலும், வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தகைய பதற்றம் கண்டறியாத ஒருவருக்கு அறுபது வயதுக்குமேல் முதன்முறையாக அது வந்தால், மனத்தின்மேல் பழிபோடுமுன் உடலை ஆராய்தல் வேண்டும். தைராய்டு சுரப்பியின் மிகை, இரத்தசோகை, இரத்தத்தில் சர்க்கரை தாழ்தல், இதயத் துடிப்பின் ஒழுங்கின்மை, உண்ணும் மருந்துகள் சிலவற்றின் விளைவு ஆகியனவும் படபடப்பை உண்டாக்கும்.

மனமும் இதயமும் தனித்தனித் தீவுகளும் அல்ல. புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜான் ஹன்ட்டர் இதய வலியால் நெடுநாள் வருந்தியவர். 1793இல் தாம் பணியாற்றிய லண்டன் மருத்துவமனையின் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தின்போது வலி கண்டு அங்கேயே உயிர் துறந்தார். சினம் உள்ளத்தில் எழுந்தது. நோயுற்றிருந்த இதயம் அதனைத் தாங்கவில்லை. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் மற்றொன்றை எடுத்துக்காட்டினர். பெருந்துயரோ பேரதிர்ச்சியோ உற்ற சிலருக்கு, அவருள்ளும் பெரும்பாலும் மூத்த பெண்டிர்க்கு, இரத்தக் குழாயில் அடைப்பில்லாமலே இதயத் தசை திடீரெனத் தளர்ந்துவிடுகிறது. அப்போது இதயம் கொள்ளும் வடிவம், எண்காலி பிடிக்கும் ஜப்பானியப் பானையை ஒத்திருப்பதால், அப்பானையின் பெயரான 'டகோட்சுபோ' என்பதையே நோய்க்கும் இட்டனர். எனவே, "அழுதார், அதனால் வந்த படபடப்புத்தான்" என்று ஒதுக்கிவிடுதல் அறிவுடைமையாகாது.

ஐயத்தைத் தீர்ப்பவை கருவிகளே. ஹாலந்து நாட்டு அறிஞர் ஐந்தோவன் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் முறையை வகுத்து, அதற்காக 1924இல் நோபல் பரிசு பெற்றார். ஈ.சி.ஜி. என்று நாம் வழங்குவது அதனையே. ஆயினும் மாரடைப்பின் தொடக்கத்தில் அப்பதிவு இயல்பாகவே தோன்றக்கூடும். ஆதலின், சிதைந்த இதயத் தசையினின்றும் இரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்னும் பொருளையும் சோதிக்கின்றனர். அது உயரச் சில மணி நேரம் ஆகுமாதலால் மீண்டும் சோதிப்பதுண்டு. எனக்கு இரத்தத்தை இருமுறை எடுத்ததன் காரணம் இதுவே.

நீங்கள் செய்யவேண்டுவது யாது? முதியவரை நடக்கவிடாது அமரவைத்து, இறுகிய ஆடையைத் தளர்த்துங்கள். தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கிவரும் 108 ஆம்புலன்சை உடனே அழையுங்கள். துன்பம் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் உண்ணும் மருந்துகளை ஒருசேர எடுத்துவையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பவை இவை இரண்டுமே. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை அவருக்கென மருத்துவர் முன்பே தந்திருந்தால், அமர்ந்தவாறே அவர் அதனை வைத்துக்கொள்ளலாம். வேறெந்த மாத்திரையையும் மருத்துவரையோ ஆம்புலன்ஸ் ஊழியரையோ கேட்டே கொடுங்கள். காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டா. நோய் இதயத்திலோ நுரையீரலிலோ இருப்பின் அது கேடு செய்யும். சோடா குடித்துத் தேறினார் என்பதும் இதயம் நலம் என்பதற்குச் சான்றாகாது. என் நண்பரின் கதையை நினைவில் கொள்ளுங்கள்.

இதயம் நலமாக இருக்கிறது என்று மருத்துவர் கூறிவிட்டால் கடமை முடிந்ததா? இல்லை. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அவரை மூலையில் அமர்த்திவிடாதீர்கள். ஒன்றுமில்லாத ஒருவர் நள்ளிரவில் மரண பயத்தில் நடுங்குவதில்லை. பணி நீங்கிய வெறுமை, துணையை இழந்த தனிமை, பிள்ளைகளுக்குச் சுமையாவோமோ என்னும் கவலை ஆகியவை முதியோர் வெளியே சொல்லாத நோய்கள். மனநல மருத்துவரிடம் செல்வது இழிவன்று. இந்நோய்க்கு நல்ல சிகிச்சை உண்டு. நானும் சென்றேன். மூச்சை மெல்ல விடும் பயிற்சியைக் கற்றேன். நாள்தோறும் மாலையில் என் பேரன் என்னுடன் நடந்து வந்தான். அவன் பாடங்களைக் கூறுவான். நான் பழங்கதைகளைக் கூறுவேன். அத்தகைய இரவு அதன்பின் எனக்கு இருமுறையே வந்தது. அவையும் அஞ்சத்தக்கனவாக இல்லை.

மாணவர்களே, முதுமையில் நெஞ்சு துன்புற்றால் முதலில் அதனை இதயத்தின் துன்பமாகவே கொள்ளுங்கள். அன்று என்று மருத்துவர் தெளிவித்தபின், அதனை மனத்தின் துன்பமாகக் கொண்டு அன்போடு கேளுங்கள். இந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.