ஷாக் அப்சார்பர் மாத்தணுமா? பணம் எடுக்கறதுக்கு முன்னாடி இந்த 4 அடையாளத்தைப் பாருங்க

கீழ்பென்னாத்தூர்ல இருந்து திருவண்ணாமலைக்கோ செஞ்சிக்கோ தினமும் கார்ல போறீங்களா? வேகத்தடையில "டக் டக்"னு சத்தம் கேட்டு, மெக்கானிக் "நாலு ஷாக்கும் போச்சு"ன்னு சொன்னா, உடனே தலையாட்டாதீங்க.

காரோட எடையைத் தாங்குறது ஸ்பிரிங். அது துள்ளாம அடக்குறது ஷாக் அப்சார்பர். பெரும்பாலான சின்ன கார்கள்ல முன்பக்கம் இந்த ரெண்டும் ஒண்ணா இருக்கும், அதுதான் ஸ்ட்ரட். வெறும் சத்தம்னா லிங்க் ராடு, புஷ் தேய்ஞ்சிருக்கலாம். அதுக்குச் செலவு ரொம்பக் கம்மி.

ஷாக் போனதுக்கு அடையாளம்:

1. ஆயில் வழியும்.
2. பிரேக் போட்டா முன்பக்கம் ரொம்ப அமுங்கும்.
3. பள்ளம் தாண்டின பிறகும் வண்டி ஆடிக்கிட்டே இருக்கும்.
4. டயர் மேடுபள்ளமா தேயும்.

ஆயில் வழிஞ்சாலோ, மத்ததுல ரெண்டு தெரிஞ்சாலோ தள்ளிப்போடாதீங்க. உதாரணத்துக்கு, 5,000 ரூபாய் டயர் 40,000 கி.மீ. ஓடணும்னு வைங்க. 25,000 கி.மீ.லயே தேய்ஞ்சா, ரெண்டு முன் டயர்ல மட்டும் 3,750 ரூபாய் நஷ்டம். பிரேக் பிடிக்க ஆகுற தூரமும் கூடும். அந்த ஆபத்துக்கு விலையே கிடையாது.

மாத்தும்போது ஜோடியா மாத்துங்க: முன்னாடி ரெண்டு, இல்ல பின்னாடி ரெண்டு. நாலும் கட்டாயமில்லை. ஸ்ட்ரட் மாத்தினா வீல் அலைன்மென்ட் செலவையும் சேர்த்துக்கோங்க. பாகம், கூலி, அலைன்மென்ட் மூணுக்கும் தனித்தனியா விலை எழுதி வாங்கி, ரெண்டு இடத்துல ஒப்பிடுங்க.

80,000 கி.மீ. தாண்டிட்டா சர்வீஸ்ல செக் பண்ணச் சொல்லுங்க. ஆனா கிலோமீட்டரை மட்டும் பார்த்து மாத்தாதீங்க. போன பாகத்தைக் கண்ணால காட்டச் சொல்லிட்டு, அப்புறம் பணம் கொடுங்க.